சொட்டு மருந்தும் வேலூர்க் கணக்கும்

ஆல்பர்ட் சேபின் உருவாக்கிய போலியோ சொட்டு மருந்தை மூன்று வேளை கொடுத்தால் நூறு குழந்தைகளில் 95 பேருக்கு மேல் இரத்தத்தில் எதிர்ப்பு உண்டாகிவிடும் என்று 1960களில் மருத்துவ உலகம் நம்பியது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அளந்து பார்த்துச் சொன்ன கணக்கு அது. அங்கே சரியாகவும் இருந்தது. ஆனால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, மூன்று வேளையும் தவறாமல் மருந்து குடித்த பிள்ளைகளே இளம்பிள்ளை வாதத்தால் கால் துவண்ட நிலையில் வந்துகொண்டிருந்தார்கள். மருந்து கெட்டுப்போயிருக்கும், தாய் சரியாகக் கொடுத்திருக்க மாட்டாள், எண்ணிக்கையைத் தப்பாகச் சொல்கிறார்கள் என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். பல ஊர்களில் அப்படித்தான் நகர்ந்தார்கள். வேலூரில் ஒருவர் நகரவில்லை. ஒரு தடுப்பு மருந்தின் வலிமை புட்டிக்குள் அடைத்து வருவதன்று. அது எந்த ஊரில், எந்தக் குடலில் போய் இறங்குகிறதோ அங்கேதான் தீர்மானமாகிறது என்பதே இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ விரும்புவது. இந்தியாவில் போலியோ ஒழிந்த கதையை மருந்தின் வெற்றியாகவோ அரசின் வெற்றியாகவோ சொல்வது வழக்கம். என் கணிப்பில் அது அளவெடுத்தலின் வெற்றி. அளவெடுத்ததை நெடுநாள் காதில் வாங்காததன் விலையும் அதே கதையில் இருக்கிறது.

போலியோ வைரஸ் வாய்வழியே உள்ளே போய்க் குடலில் பெருகி மலத்தோடு வெளியேறுவது. தொற்றிய குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குச் சாதாரணக் காய்ச்சலோடு போய்விடும். பலருக்கு அதுவும் இராது. சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் வைரஸ் தண்டுவடத்து நரம்பணுக்களைத் தாக்கிக் கையையோ காலையோ முடக்கும். ஆகவே ஒரு தெருவில் ஒரு குழந்தைக்கு வாதம் வந்தால் அந்த வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் வைரஸ் ஏற்கெனவே சுற்றி முடித்திருக்கிறது என்று பொருள். வைரஸில் மூன்று வகை உண்டு. ஒன்றுக்கு எதிரான காப்பு மற்றொன்றுக்கு உதவாது. 1955இல் வந்த ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசியில் இருப்பது கொன்ற வைரஸ். சேபினின் சொட்டு மருந்தில் இருப்பதோ வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ், மூன்று வகையும் கலந்து. அது இயற்கையில் பரவும் காட்டு வைரஸைப் போலவே குடலில் பெருகி எதிர்ப்பை உண்டாக்க வேண்டும். ஊசி வேண்டாம், விலை மலிவு, யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஏழை நாடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை என்று எல்லாரும் கருதியதில் வியப்பில்லை. ஆனால் குடலில் பெருகினால்தான் வேலை செய்யும் என்ற நிபந்தனைக்குள்ளேயே சிக்கலும் இருந்தது.

வேலூரின் வைராலஜி நிபுணர் டி. ஜேக்கப் ஜான் செய்தது எளிய காரியம். எளிய காரியம் என்பதாலேயே மற்றவர்கள் செய்யாமல் விட்டது. மருந்து கொடுக்கும் முன்பு குழந்தையிடமிருந்து கொஞ்சம் இரத்தம், கொடுத்து முடித்துச் சில வாரம் கழித்துக் கொஞ்சம் இரத்தம். இரத்தத்தைப் பிரித்து எடுத்த தெளிந்த நீரைப் படிப்படியாக நீர்க்க வைத்து, ஒவ்வொரு படியிலும் உயிருள்ள போலியோ வைரஸைக் கலந்து, ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களின் மேல் விடுவார்கள். உயிரணுக்கள் செத்துச் சுருண்டால் அந்த இரத்தத்தில் எதிர்ப்பு இல்லை, பிழைத்துக்கொண்டால் இருக்கிறது. எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் பிழைக்கின்றன என்பது எதிர்ப்பின் அளவு. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கைக்குழந்தையின் இரத்தத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு ஏற்கெனவே இருக்கும். அது நாளாக ஆகக் குறைந்துகொண்டே வரும். எனவே பிற்பாடு காணும் அளவு, குறைந்திருக்க வேண்டிய அளவைக் காட்டிலும் போதிய மடங்கு மிகுந்திருந்தால்தான் மருந்து பிடித்தது என்று சொல்ல முடியும். இப்படிக் கணக்குப் பார்த்து 1972இல் ஜானும் ஜெயபாலும் வெளியிட்ட ஆய்வின் முடிவு, நல்ல நிலையில் இருந்த மருந்தை முறையாகக் கொடுத்தும் வேலூர்க் குழந்தைகளுக்கு அது சரியாகப் பிடிக்கவில்லை என்பது. வெப்ப நாட்டுக் குழந்தைகளின் குடலில் வேறு வைரஸ்கள் குடியிருப்பதால் அவை தடுக்கின்றன என்ற விளக்கம் அப்போது செல்வாக்கோடு இருந்தது. அதையும் அந்த ஆய்வே சோதித்து, இங்கே அது காரணமாகத் தெரியவில்லை என்றது. தாய்ப்பால்தான் தடுக்கிறது என்று சிலர் சொன்னார்கள். 1976இல் அதுவும் சோதிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லும் அறிவுரை ஒன்று புறப்பட்டிருந்தால் எத்தனை குழந்தைகள் வயிற்றுப்போக்கில் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் இந்த நிராகரிப்பின் மதிப்பு புரியும். வளரும் நாடுகளில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 1991இல் ஜானும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், மூன்று வேளைக்குப் பின் எதிர்ப்பு உண்டானோர் முதல் வகைக்கு 73 விழுக்காடு, இரண்டாம் வகைக்கு 90, மூன்றாம் வகைக்கு 70 என்று சராசரி வந்தது. இந்த மூன்று எண்களையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் இருக்கும் 90 பிறகு ஒரு முக்கியமான இடத்தில் தலைகாட்டும்.

மருந்தைப் பற்றிய கேள்விக்கும் முன்னால் இன்னொரு நம்பிக்கை குறுக்கே நின்றது. போலியோ பணக்கார நாடுகளின் நோய், இங்கே அது பெரிய பிரச்சினை இல்லை என்பது அது. பெரிய கொள்ளைநோயாக வெடிக்காததால் கண்ணில் படவில்லை. ஆண்டு முழுக்க ஊருக்கு ஒன்றிரண்டாகக் கால்கள் சூம்பிக்கொண்டிருந்தன. 1974இல் கானாவில் பள்ளிப் பிள்ளைகளிடையே நொண்டி நடப்போரை எண்ணத் தொடங்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் அத்தகைய கணக்கெடுப்பு நடந்தது. அதற்குப் பிறகுதான் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் இந்தியக் குழந்தைகள் முடமாகிறார்கள் என்ற மதிப்பீடு நிலைபெற்றது. எண்ணும்வரை இல்லாமல் இருந்த நோய், எண்ணியதும் உலகிலேயே மிகப் பெரிய சுமையாக நின்றது. நம் மருத்துவப் பழக்கமும் அதற்குக் கை கொடுத்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று கொண்டுபோனால் ஊசி போடாத மருத்துவரை நம் ஊரில் நல்ல மருத்துவர் என்று ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் காய்ச்சல் போலியோவின் தொடக்கமாக இருந்துவிட்டால், தசையில் ஏற்றிய ஊசி அந்தத் தசையை இயக்கும் நரம்புவழியே வைரஸுக்குப் பாதை திறந்துவிடுகிறது. ஊசி போட்ட கால்தான் முடங்குகிறது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் பங்குகொண்டு 1992இல் வெளியான ஆய்வு, தேவையற்ற ஊசிகளுக்கும் முடக்கத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை வெளிப்படையாகவே எழுதியது. வெறும் காய்ச்சலாகப் போயிருக்கக்கூடிய தொற்றுகள் இப்படி ஊனத்தில் முடிந்தன.

மருந்து குறைவாகப் பிடிக்கிறது என்று தெரிந்த பின் என்ன செய்வது? மருந்தைக் கைவிடலாம், அல்லது வேளைகளைக் கூட்டலாம். ஜான் இரண்டாவதை ஆராய்ந்தார், கூடவே எப்படிக் கொடுப்பது என்பதையும். ஒவ்வொரு குழந்தைக்கும் அதனதன் வயதுக்கு ஏற்ப ஆண்டு முழுவதும் கொடுப்பதற்குப் பதிலாக, ஊரில் உள்ள சிறு குழந்தைகள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் கொடுத்தால் காட்டு வைரஸ் தாவுவதற்கு இடம் கிடைக்காது. குடல்களை எல்லாம் ஒரே வாரத்தில் தடுப்பு வைரஸ் பிடித்துக்கொள்ளும். யோசனை முற்றிலும் புதியதன்று. சேபினே 1959இல் மெக்சிகோவின் தொலூக்கா நகரில் சில நாட்களுக்குள் இப்படிக் கொடுத்துக் காட்டியிருந்தார். கியூபா 1962இலும் பிரேசில் 1980இலும் நாடு முழுக்கச் செய்தன. வேலூர் சேர்த்தது, மருந்து சரியாகப் பிடிக்காத ஓர் இந்திய ஊரிலும் இது பலன் தரும் என்ற சான்று. 1983இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்த முடிவு வந்தது. அதே பத்தாண்டில் வட ஆற்காடு மாவட்டத்துக்கென ஒரு நோய்க் கண்காணிப்பு ஏற்பாடும் எழுந்தது. சுமார் 50 லட்சம் மக்கள் வாழ்ந்த மாவட்டம். அரசு மருத்துவமனைகளோடு தனியார் மருத்துவர்களையும் சேர்த்து, தட்டம்மை, கக்குவான் இருமல், போலியோ போன்றவற்றைப் பார்த்தவுடன் அச்சிட்ட அஞ்சலட்டையில் குறித்துத் தபாலில் சேர்த்தால் போதும் என்று வைத்தார்கள். வந்த தகவலைத் தொகுத்து மாதாமாதம் அந்த மருத்துவர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். எழுதி அனுப்புவது எங்கோ கோப்பில் புதையவில்லை என்று தெரிந்தால்தான் மறுமாதமும் எழுதுவார்கள்; அரசு அலுவலகப் படிவங்களை நிரப்பிய எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 1998இல் லான்செட் இதழ் இதை வளரும் நாடுகளுக்கான ஒரு மாதிரியாக வெளியிட்டது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். வேலூரில் இரத்தம் எடுத்துப் பார்த்ததெல்லாம் சரி. வடக்கே போலியோ நீடித்ததற்குக் காரணம் குடலா, நிர்வாகமா? உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மருந்து குழந்தைகளைச் சென்றடையவே இல்லை, பனிப்பெட்டியில் பனி இல்லை, சில குடும்பங்கள் கதவைத் திறக்க மறுத்தன என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. 2005–06 தேசியக் குடும்பநல ஆய்வில், வழக்கமான தடுப்பூசிகள் முழுவதும் பெற்ற குழந்தைகள் தமிழ்நாட்டில் 80.9 விழுக்காடு, உத்தரப் பிரதேசத்தில் 23. ஆனால் பத்து வேளைக்கு மேல் குடித்த குழந்தைகளுக்கும் அங்கே வாதம் வந்தது. நிர்வாகக் குறையை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. 2006இல் சயன்ஸ் இதழில் நிக்கலஸ் கிராஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கணக்கு, மூன்று வகையும் கலந்த சொட்டு மருந்தின் ஒரு வேளை முதல் வகைப் போலியோவிலிருந்து காப்பது உத்தரப் பிரதேசத்தில் 9 விழுக்காடு குழந்தைகளை, இந்தியாவின் மற்றப் பெரும்பகுதியில் 21 விழுக்காடு குழந்தைகளை என்றது. இதைக் கையால் பெருக்கிப் பார்க்கலாம். 21 என்றால் முதல் வேளைக்குப் பின் நூற்றில் 79 குழந்தைகள் காப்பின்றி மிஞ்சுகிறார்கள். இரண்டாம் வேளைக்குப் பின் 62. மூன்றுக்குப் பின் 49. பத்து வேளைக்குப் பின் 9 பேர். ஒரு வேளைக்கு 9 விழுக்காடுதான் என்றால் மூன்றுக்குப் பின்னும் 75 பேர் மிச்சம். பத்துக்குப் பின்னும் 39 பேர் மிச்சம். நெருக்கமும் கழிவுநீரும் வயிற்றுப்போக்கும் மிகுந்த ஒரு மாவட்டத்தில், நூற்றில் 39 குழந்தைகள் என்பது வைரஸுக்குத் தாராளமான இடம். கதவைத் திறக்காத தாயைக் குறை சொல்வது எளிது. பத்து முறை திறந்த தாயிடம் என்ன சொல்வது?

மருந்தையே மாற்ற வேண்டும் என்பதுதான் விடை, அதை மாற்றியதும் நடந்தது. முன்னே சொன்ன 90ஐ இங்கே எடுத்துக்கொள்வோம். கலவையில் இருக்கும் மூன்று வைரஸ்களில் இரண்டாம் வகை குடலில் முந்திக்கொண்டு பெருகுவது. மற்ற இரண்டின் இடத்தையும் அது பறித்துக்கொள்கிறது. காட்டு வைரஸில் இரண்டாம் வகையோ 1999 அக்டோபரில் அலிகாரில் கடைசியாகத் தென்பட்டு உலகிலிருந்தே மறைந்துவிட்டது. இல்லாத எதிரிக்கான படை, இருக்கும் எதிரிக்கான படையை முடக்கிக்கொண்டிருந்தது. 2005இல் முதல் வகை மட்டும் கொண்ட சொட்டு மருந்து வந்தது. 2010இல் ஒன்றும் மூன்றும் மட்டும் சேர்ந்த மருந்து வந்தது. இந்தியாவில் 2009இல் 741 பேருக்குப் போலியோ; 2010இல் 42 பேருக்கு; 2011இல் ஒருவருக்கு, அதுவும் ஜனவரி 13ஆம் தேதி மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றது என்று சான்றளிக்கப்பட்டது. 1995இல் தொடங்கிய நாடளாவிய சொட்டு மருந்து முகாம்களில் பதினைந்து ஆண்டு உழைத்த ஊழியர்களின் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் அதே ஊழியர்கள், அதே பனிப்பெட்டிகள், அதே சுண்டுவிரல் மை. புட்டியில் இருந்ததை மாற்றிய பின் விளைவு மாறியது.

சுகாதாரத்தைச் சீர்செய்திருந்தால் இவ்வளவு பாடு தேவைப்பட்டிராது என்பது இன்னொரு மறுப்பு. கேட்கச் சரியாகத் தோன்றும் இந்த வாதத்தைப் போலியோவின் வரலாறு அப்படியே ஏற்பதில்லை. 1916இல் அமெரிக்காவில் சுமார் 27,000 பேரைப் பிடித்து 6,000 பேரைக் கொன்ற கொள்ளைநோய், குழாய்நீரும் சாக்கடையும் மேம்பட்டுக்கொண்டிருந்த ஒரு நாட்டில் வந்தது. அசுத்தமான சூழலில் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பு இரத்தத்தில் இருக்கும்போதே வைரஸ் தொற்றிவிடுவதுண்டு. சுத்தம் கூடக் கூடத் தொற்று தள்ளிப்போய், காப்பில்லாத வயதில் தாக்கியது. ஆகவே கழிவறையை மட்டும் கட்டிப் போலியோவை ஒழிக்க முடியாது. அதே சமயம் கழிவறைக்கும் இந்த மருந்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்வதும் பிழை. குடல் சீர்கெட்ட இடத்தில் சொட்டு மருந்து தோற்கிறது என்பதைக் கண்டுதான் 2009இல் உத்தரப் பிரதேசத்தின் 66 வட்டாரங்களையும் பீகாரின் 41 வட்டாரங்களையும் தனியே பிரித்து, அங்கே சொட்டு மருந்தோடு கைகழுவுதல், கழிவறை, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாகமும், தாய்ப்பால் ஊக்குவிப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தார்கள்.

கடைசியில் சொட்டு மருந்தே ஒழித்துக் காட்டிவிட்டது, ஜானைப் போன்றவர்கள் சால்க் ஊசியையும் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தியது வீண் என்று சொல்வோரும் உண்டு. இதில் எனக்கு உடன்பாடில்லை. ஒழித்தது உண்மை, சில மாவட்டங்களில் ஒரே குழந்தை முப்பது வேளை வரை குடிக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை. சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். அரிதாக அதுவே வாதத்தை உண்டாக்கும், தடுப்பூசி குறைந்த இடத்தில் ஆளுக்கு ஆள் பரவிப் பழைய வீரியத்தைத் திரும்பப் பெறவும் கூடும். அதனால்தான் 2016 ஏப்ரலில் இரண்டாம் வகை உலகெங்கும் சொட்டு மருந்திலிருந்து நீக்கப்பட்டது. அந்த இடைவெளியை நிரப்பக் கொன்ற வைரஸ் ஊசி இந்தியாவுக்கு வந்தது. தட்டுப்பாடு காரணமாக, முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கைத் தோலுக்குள் போடும் முறையைத் தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் முதலில் கைக்கொண்டன. ஊசி குடலைக் காக்காது என்ற பழைய குறைக்கும் வேலூரில் விடை தேடினார்கள். ஏற்கெனவே சொட்டு மருந்து குடித்த 450 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஊசி சேர்ந்ததும் குடலிலிருந்து வைரஸ் வெளியேறுவது குறைந்தது. சொட்டு மருந்தும் ஊசியும் ஒன்றுக்கொன்று போட்டி என்று முப்பது ஆண்டு நடந்த வாதத்தை இதற்கு மேல் நீட்டிக்க ஒன்றுமில்லை.

போலியோ முகாம்கள் மற்றத் தடுப்பூசிப் பணிகளை விழுங்கிவிட்டன என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் என்னிடம் முழு மறுப்பு இல்லை. வழக்கமான தடுப்பூசி வலுவாக இருந்த இடத்தில் முகாம் ஒரு கூடுதல் வேலை. வலுவிழந்த இடத்தில் அதுவே முழு வேலையாகிப்போனது. தமிழ்நாட்டில் 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம், மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து பிரிந்த ஒரு பொது சுகாதார இயக்ககம், புதன்கிழமை தோறும் தடுப்பூசி போடும் கிராம சுகாதாரச் செவிலியர் என்று முன்பே ஓர் அடித்தளம் இருந்தது. அந்த அடித்தளம் இல்லாத மாநிலங்களில் தட்டம்மைத் தடுப்பூசியும் தொண்டை அடைப்பானுக்கான ஊசியும் பின்னால் போயின. ஆனாலும் போலியோ விட்டுச்சென்ற ஒரு கருவி எல்லா நோய்க்கும் பயன்பட்டது. 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்குத் திடீரென்று கை கால் துவண்டாலும், காரணம் எதுவாக இருப்பினும், 14 நாட்களுக்குள் 24 மணிநேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுத்துப் பனியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இங்கே சென்னை கிண்டி கிங் நிலையம் அவற்றைச் சோதித்தது. போலியோ இல்லை என்று நூறு முறை உறுதிசெய்தால்தான் ஒரு மாநிலத்தில் அது இல்லை என்று சொல்ல உரிமை வருகிறது. 1997க்குப் பின் இதற்கென உருவான கண்காணிப்பு வலையம் பிறகு தட்டம்மைக் கண்காணிப்பையும் சுமந்தது.

இத்தனையும் போலியோவுக்கு மட்டும் உரிய விசித்திரமாக இருக்கலாம் என்று கருதுவோர் ரோட்டா வைரஸைப் பார்க்க வேண்டும். கைக்குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் இந்த வைரஸால் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகள் இறந்துகொண்டிருந்ததாக 2014இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. மெக்சிகோவில் இருமுறை இயற்கையாகத் தொற்று வந்த குழந்தைக்கு மறுபடி கடும் நோய் வரவே இல்லை என்று முன்பு கண்டிருந்தார்கள். ககன்தீப் காங் உள்ளிட்டோர் வேலூரில் பிறந்த குழந்தைகளை மூன்று வயதுவரை தொடர்ந்து பார்த்து 2011இல் எழுதியபோது, மூன்று முறை தொற்று வந்த பின்னும் காப்பு 79 விழுக்காடுதான். இயற்கை நோயே இந்த அளவுக்குத்தான் காக்கும் என்றால் மருந்திடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. ஐரோப்பாவில் இதே நோக்கத்துக்கான வாய்வழித் தடுப்பு மருந்துகள் 90 விழுக்காட்டை ஒட்டிக் காத்தன. டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் சோதித்த ரோட்டாவாக் என்ற தடுப்பு மருந்து சுமார் 55 விழுக்காடு காத்தது. காரணம் குடலின் பாக்டீரியாக்களா என்று அறிய, வேலூர்க் குழந்தைகளுக்கு முன்கூட்டி அசித்ரோமைசின் என்ற பாக்டீரியாக் கொல்லி மருந்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு போலியோ சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பாக்டீரியா குறைந்தது, வயிற்றுப்போக்கு குறைந்தது, மருந்து பிடிப்பது மட்டும் கூடவில்லை. 55 என்பது ஐரோப்பியத் தராசில் தோல்வி. இந்தியா ரோட்டாவாக்கை 2016இல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது, சேர்த்தது சரியே. 78,000 மரணங்களில் 55 விழுக்காடு, ஐரோப்பாவின் சில நூறு மரணங்களில் 90 விழுக்காட்டைவிடப் பல மடங்கு பெரிய எண்.